ஏகாம்பரம் தொட்ட கை

அந்தக் கோப்பையை நான் ஓடி வாங்கவில்லை. மீன் லாரியில் ஏறி வந்து வாங்கினேன்.

அது மட்டுமென்றால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். உண்மையாக ஓடி ஜெயித்தவனை ஏமாற்றுக்காரன் என்று சொன்னேன். பார்க்காததைப் பார்த்தேன் என்று பத்துப் பேர் நடுவில் சாட்சி சொன்னேன். அவனிடமிருந்து பிடுங்கிய கோப்பை ஏழு வருஷமாக என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. வெற்றிப் பலகையில் அவன் பெயரைச் சுரண்டிய இடத்தில் என் பெயர் இருக்கிறது.

இதைப் படிக்கும் நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. தெரியாதவர் என்பதால்தான் சொல்கிறேன். தெரிந்தவராக இருந்தால்... இவர் ஏன் இவ்வளவு அக்கறையாகக் கேட்கிறார், யாரிடம் போய்ச் சொல்லப் போகிறார் என்று உங்களையும் சந்தேகப்பட்டிருப்பேன். என் புத்தி அப்படி ஆகிவிட்டது.

நான் புதுப்பட்டினத்துக்காரன். பெயர் ஜமால். அத்தாவுக்குக் கடைத்தெருவில் துணிக்கடை. பக்கத்தில் கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்ட ஆரம்பித்த புதிது. ஊருக்குள் ஜீப்புகளும் புதுமுகங்களும் வந்துகொண்டிருந்த காலம். நாள் முழுக்க நின்று துணி கிழிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. பிடித்தது ஓடுவது ஒன்றுதான். நன்றாகவே ஓடுவேன். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை உண்டா? பாதி தூரம் வரைக்கும் உண்டு.

ஆண்டுதோறும் மாசியில் ஓர் ஓட்டப் பந்தயம் நடக்கும். புதுப்பட்டினம் சந்தையில் தொடங்கி, கடலோரச் சாலையில் வடக்கே ஒன்பது மைல் ஓடி, மாமல்லபுரம் பஸ் நிலையத்தில் முடியும். மாமல்லபுரத்தில் இருந்த ஒரு சின்ன விளையாட்டுச் சங்கம் நடத்தியது. நடுவழியில் மேசை போட்டு உட்கார்ந்து, பனியனில் குத்தியிருக்கும் எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். அதற்கப்புறம் முடிவு வரை பார்க்க ஆள் கிடையாது.

சங்கத்தின் வாசகசாலையில் ஒரு மரப்பலகை உண்டு. ஜெயித்தவன் பெயரும் ஓடி முடித்த நேரமும் வருஷவாரியாக வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருக்கும்.

அந்த வருஷம் பந்தயத்தைப் பார்க்கச் சென்னையிலிருந்து ஒருவர் வந்திருந்தார். ஒரு பெரிய தொழிற்சாலையின் விளையாட்டு அணிக்கு ஆள் எடுப்பவர். முதலில் வருபவனுக்கு நிரந்தர வேலை என்று பேச்சு. இரண்டாவதாக வருபவனுக்குத் துணிக்கடைதான் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

முதலில் வரப்போவது யாரென்று எல்லோருக்கும் தெரியும்... ஏகாம்பரம்! மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தைச் சேர்ந்தவன், என்னைவிட இரண்டு வயது மூத்தவன். வெறுங்காலில் ஓடுவான். பந்தயங்களில் பார்த்துப் பழகியதில் என்னை மச்சான் என்று கூப்பிடுவான். ஒரு முறைகூட நான் அவனை முந்தியதில்லை.

என் அக்காவின் கணவர் காதர் மச்சான் புதுப்பட்டினத்திலிருந்து சென்னைக்கு மீன் லாரி ஓட்டினார். யோசனை அவருடையது என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். நான்தான் போய்க் கேட்டேன். அவர் சிரித்தார்.

"இன்னாடா, மீனோட மீனா வரப் போறியா?"

அப்படித்தான் வந்தேன்.

நடுவழி மேசையை ஏகாம்பரம் முதலில் தாண்டினான். நான் இரண்டாவது. அடுத்த வளைவில் அவன் மறைந்த பிறகு பார்த்தால் லாரி நிற்கிறது. காதர் மச்சான் டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்குப் பின்னால் வந்தவன் கண்ணுக்கே தெரியவில்லை. தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தேன். கூடைகளுக்கு நடுவே ஐஸ் தண்ணீரில் உட்கார்ந்து மூன்று மைல் வந்தேன். சாலையில் யார் இருந்தார்கள், யாரைத் தாண்டினோம் என்று எதுவும் எனக்குத் தெரியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றரை மைல் மிச்சமிருக்கையில், ஒரு சவுக்குத் தோப்போரமாக அவர் என்னை இறக்கிவிட்டார். வெயிலுக்கு வைத்துக்கொள் என்று சாக்குத் துண்டில் ஒரு ஐஸ் கட்டியைச் சுற்றிக் கொடுத்தார்.

"ஒடனே போய் நிக்காத. சந்தேகப்படுவாங்க" என்றார்.

சந்தேகம்! அந்த வார்த்தை அன்றைக்குத்தான் எனக்குள் குடிவந்தது.

சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தோப்புக்குள் பதுங்கினேன். கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். பலகையில் இருந்த மிகக் குறைந்த நேரத்தைவிட ஒரே ஒரு நிமிஷம் முன்னால் போய்ச் சேர்ந்தால் போதும். சாதனையும் ஆயிற்று, நம்பும்படியும் ஆயிற்று. அதற்குள் வேறு எவனும் வந்துவிட முடியாது, எவனும் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை. நேரம் வந்ததும் எழுந்து சாலைக்கு வந்து ஓடினேன். ஐஸ் கட்டியைக் கையில் பொத்திக்கொண்டே ஓடி, கடைசி வளைவுக்கு முன்னால் புதரில் எறிந்தேன்.

முடிவுக் கோட்டில் நாடா அறுந்து கிடந்தது.

ஏகாம்பரம் குழாயடியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். எனக்கு நாலு நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டானாம். முழங்கால் வரை ஈர மணல் ஒட்டியிருந்தது.

எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? இவன் எந்த லாரியில் வந்தான் என்றுதான்! சிரிக்காதீர்கள். ஏமாற்றிவிட்டு வந்தவனுக்கு வேறு என்ன தோன்றும்? லாரியில் வந்த என்னையே ஒருவன் முந்தியிருக்கிறான். அப்படியானால் அவன் என்னைவிடப் பெரிய திருடனாக இருக்க வேண்டும். காலால் ஓடியே ஒருவன் வந்திருப்பான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

அவன் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினான். குலுக்கியவன் சட்டென்று நிறுத்தினான்.

"கை இன்னா மச்சான், இப்டி ஜில்லுனு கீது?"

அவ்வளவுதான் கேட்டான். என் முகத்தைப் பார்த்தான். பிறகு குழாயடிக்கே திரும்பிப் போய்விட்டான்.

ஒன்பது மைல் வெயிலில் ஓடி வந்தவன் கை எப்படி ஜில்லென்று இருக்கும்? கண்டுபிடித்துவிட்டான்... இன்னும் இரண்டு நிமிஷத்தில் போய்ச் சொல்லிவிடுவான்... அவன் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் திறக்க வேண்டும். நேரே சங்கத் தலைவரிடம் போனேன். அவனுடைய காலைப் பாருங்கள் என்றேன்.

ஏன் காலை என்று உங்களுக்குப் புரிய வேண்டும். சாலை ஓரிடத்தில் உப்பங்கழியைச் சுற்றிக்கொண்டு போகும். மாசி மாதத்தில் கழிமுகம் மணலால் அடைத்துக்கொண்டுவிடும். அப்போது கடற்கரையோடு நேராகப் போனால் ஒரு மைலுக்கு மேல் மிச்சம். குப்பத்து ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்த வழி அது. குப்பத்துக்காரன் காலில் ஈர மணல், எவனும் ஓடாத நேரம்... தலைவருக்கு வேறென்ன வேண்டும்?

நண்பகலில் வாசகசாலையில் விசாரணை. அதற்குள் பெயிண்டர் ஏகாம்பரத்தின் பெயரைப் பலகையில் எழுதி முடித்திருந்தார். பெயிண்ட் இன்னும் காயவில்லை.

கடற்கரையில் இறங்கினாயா என்று தலைவர் கேட்டார். ஏகாம்பரம் கொஞ்சமும் யோசிக்காமல் இறங்கினேன் என்றான். ஒரு படகு கரையேற முடியாமல் அலையில் மாட்டிக்கொண்டு ஆள் கேட்டுக் குரல் கொடுத்ததாம். சாலையை விட்டு இறங்கி ஓடி, தோள் கொடுத்துத் தள்ளிவிட்டு, விட்ட இடத்துக்கே திரும்பி வந்து ஓடினானாம். அவர்கள் குப்பத்தில் அது கட்டாயம். கரையில் போகிறவன் காதில் அந்தக் குரல் விழுந்தால், முகம் பார்த்துப் பேசாதவன் படகாக இருந்தாலும் தோள் கொடுக்காமல் தாண்டக் கூடாது. அதில் தப்பு இருக்கும் என்றே அவனுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் குழாயடியில் காலைக் கழுவியிருக்க மாட்டானா?

"கூப்ட்டாங்க சார். எப்டி வுட்டுட்டு ஓடறது?" என்றான்.

படகுக்காரர்களைக் கூட்டி வருகிறேன் என்றான். அவர்கள் உன் சொந்தக்காரர்கள், அந்தச் சாட்சி செல்லாது என்றார்கள். பிறகு எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். இவனுக்கு நேர் பின்னால் ஓடி வந்தவன் நீதானே, நீ சொல் தம்பி என்றார் தலைவர்.

அந்த ஒரு கணம்... எத்தனையோ முறை அதற்குள் திரும்பிப் போய் வாயை மூடிக்கொண்டு நின்று பார்த்திருக்கிறேன்!

"பின்னாலதான் சார் வந்தேன். கழிமுகம் பக்கம் திரும்பி நேரா போனத பாத்தேன். படகு எதுவும் இல்ல சார்."

தார்ப்பாய்க்குள் கூடைகளுக்கு நடுவே இருந்தவன் சொன்ன சாட்சி இது.

ஏகாம்பரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தான். நான் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். இதோ சொல்லப் போகிறான் என்று காத்திருந்தேன். அவன் சொல்லவில்லை. எழுந்து, கும்பிடு போட்டுவிட்டு வெளியே போனான்.

கோப்பை என் கைக்கு வந்தது. இனி எந்தப் பந்தயத்திலும் அவன் ஓடக் கூடாது என்று எழுதினார்கள். பலகையில் ஈரப் பெயிண்டைத் துடைத்து, துடைத்தும் போகாததைச் சுரண்டி, என் பெயரையும் நேரத்தையும் எழுதினார்கள். அந்த நேரம் இன்றைக்கும் சாதனை. தோப்புக்குள் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்து நான் தயாரித்த சாதனை!

வேலை கிடைத்தது. சென்னையில் வீடு, கல்யாணம், குழந்தை எல்லாம் அந்த வேலையால் வந்தவை. நிம்மதி மட்டும் வரவில்லை.

ஏன் அவன் சொல்லவில்லை? இந்த ஒரு கேள்வி என்னை ஏழு வருஷம் தின்றது. மனு எழுதிக்கொண்டிருக்கிறானா? தகுந்த நேரம் பார்க்கிறானா? தொழிற்சாலையில் மேலாளர் கூப்பிட்டால் அவன்தான் கடிதம் போட்டுவிட்டான் என்று நினைப்பேன். பெருநாள் தொழுகை முடிந்து கை கொடுக்கும்போதுகூட என் கை ஜில்லென்று இருக்கிறதோ என்று வேட்டியில் தேய்த்துக்கொள்வேன். ஒரு தடவை ஊருக்கு வந்தபோது மாமல்லபுரம் பஸ்ஸில் ஏகாம்பரம் இருந்தான். உட்காரு மச்சான் என்று எழுந்து இடம் கொடுத்தான். என்ன நோக்கத்தில் கொடுக்கிறான் என்று யோசித்து, இறங்க வேண்டிய இடத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிட்டேன்.

இந்த மாசியில்தான் நான் எதிர்பார்க்காதது நடந்தது. திருப்போரூர்ப் பக்கத்துக் கிராமத்து விவசாயி மகன் ஒருவன், செல்வராசு என்று பெயர், முதலாவதாக வந்தான். வழியில் கூட்டாளியின் சைக்கிள் கேரியரில் ஏறி வந்தானாம். யாரும் பிடிக்கவில்லை. கோப்பை வாங்கி ஒரு மணி நேரத்தில் அவனே திரும்பி வந்து சொல்லிவிட்டான். கோப்பையைப் பிடுங்குவதா, பெயரை அழிப்பதா, கண்டித்து விடுவதா என்று முடிவு செய்யப் பழைய வெற்றியாளர்களை அழைத்தார்கள். எனக்கும் கடிதம் வந்தது.

எனக்கா! பொறி வைக்கிறார்கள் என்றே நினைத்தேன். போகாவிட்டால் சந்தேகம் வரும் என்று போனேன்.

நாலு பேர் இரக்கப்பட்டார்கள். அவனே சொல்லிவிட்டானே, கோப்பையை மட்டும் வாங்கிக்கொள்வோம், அடுத்த வருஷம் ஓடட்டும் என்றார்கள். தலைவர் என் அபிப்பிராயம் கேட்டார். எல்லோரும் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. இளகினால் இவனுக்கு ஏன் இவ்வளவு இரக்கம் என்று யோசிப்பார்களோ...

நான் எழுந்து பேசினேன். என்னமாய்ப் பேசினேன் தெரியுமா! ஏமாற்றி வாங்கிய கோப்பை திருட்டுப் பொருள் என்றேன். அந்தப் பெயர் பலகையில் ஒரு நாள் இருந்தாலும் நேர்மையாக ஓடிய அத்தனை பேருக்கும் அவமானம் என்றேன். இரண்டாவதாக வந்தவனுக்குச் சேர வேண்டியதை ஒரு மணி நேரம் வைத்திருந்ததும் குற்றமே என்றேன். ஆயுளுக்கும் தடை போடச் சொன்னேன். சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. இன்றைக்கும் அதுதான் என் எண்ணம்.

"நானாதான் வந்து ஒத்துக்கினேன் சார். இனிமே ஓடவே கூடாதா?" என்றான் செல்வராசு. என்னைப் பார்த்துத்தான் கேட்டான்.

நான் தலைவர் பக்கம் திரும்பிக்கொண்டேன். கைதட்டினார்கள். அன்றைக்கு ஏகாம்பரத்துக்குச் செய்ததைத்தானே இவனுக்கும் செய்கிறோம், நியாயம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்றார் தலைவர். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். ஏன் சிரித்தார்? ஏகாம்பரம் ஏதாவது சொல்லியிருக்கிறானா?

மறுநாள் காலையில் குப்பத்துக்குப் போனேன். மனம் திருந்திப் போனதாக நினைத்துவிடாதீர்கள். வேவு பார்க்கப் போனேன்.

கரையில் ஒரு படகு அலையில் தத்தளித்துக்கொண்டிருந்தது. குரல் கேட்டு ஏழெட்டுப் பேர் ஓடினார்கள். அவர்களில் ஏகாம்பரமும் இருந்தான். பெல்பாட்டம் பேண்டும் செருப்புமாக நின்ற என்னை அவன் பார்த்துவிட்டான்.

"இன்னா மச்சான், பாத்துகினு நிக்கிற? வந்து புடி."

செருப்பை உதறிவிட்டு இறங்கினேன். தோள் கொடுத்துத் தள்ளினேன். படகு மணலேறியதும் அவன் என் கையைப் பிடித்தான். உடனே விடவில்லை.

"இப்போ சூடாத்தான் கீது" என்றான்.

காலடி மணல் அலையோடு போவது தெரிந்தது. அன்றைக்கே தெரியுமா என்று கேட்டேன்.

"ஐஸுன்னு தொட்டவொடனே தெரிஞ்சிபோச்சி. தெனம் ஐஸ்ல கைய வுடறவன் நானு."

அப்படியானால் விசாரணையில் ஏன் சொல்லவில்லை?

"நீ லாரில வந்தியோ, எதுல வந்தியோ, நான் பாக்கலியே. பாக்காதத எப்டி பாத்தேன்னு சொல்றது?"

குத்திக்காட்டவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னான். ஏழு வருஷமாக நான் கட்டி வைத்திருந்த அத்தனை சந்தேகத்துக்கும் விடை அவ்வளவுதான். மனு இல்லை, சூழ்ச்சி இல்லை. பார்க்காததை அவன் சொல்ல மாட்டான். நான் சொன்னேன்.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவன் கையை விட்டான்.

"என்கிட்ட இன்னாத்துக்கு சொல்ற? எனக்குத்தான் தெரியுமே. அங்க போய் சொல்லு" என்றான். பிறகு வலையைத் தூக்கத் திரும்பினான்.

இது பெருந்தன்மையா? தண்டனையா? நல்ல மனிதன் என்று நம்பிவிட ஆசையாக இருக்கிறது... ஆனால் என் புத்தி அப்போதும் கேட்டது, சொல்லச் சொல்லி என்னை மாட்டிவிடப் பார்க்கிறானோ என்று! இதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஈரப் பேண்டோடு வாசகசாலைக்கு நடந்தேன். சொல்லிவிடுவது என்றுதான் நடந்தேன். என் பெயரைச் சுரண்டலாம், கோப்பையைத் திருப்பித் தரலாம். அந்த வேலையை? அவன் ஓடாமல் போன ஏழு மாசியை? அதை எந்தக் கமிட்டி யாரிடமிருந்து பிடுங்கி அவனிடம் கொடுக்கும்? கொடுக்க முடியாதென்பதற்காக, கொடுக்கக் கூடியதையும் நான் வைத்துக்கொள்ளலாமா? கூடாது, கூடாது என்று சொல்லிக்கொண்டே படியேறினேன்.

தலைவர் உள்ளே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். பெயிண்டர் ஏணிமேல் நின்று செல்வராசுவின் பெயரைச் சுரண்டி முடித்திருந்தார். கையோடு, மங்கிப்போன பழைய பெயர்கள் மேலும் புதுப் பெயிண்ட் பூசிக்கொண்டிருந்தார். என் பெயருக்கு வந்திருந்தார்.

தலைவர் நிமிர்ந்து, வா தம்பி, நேற்று நன்றாகப் பேசினாய் என்றார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் பெயிண்டர் மேலிருந்து திரும்பிப் பார்த்தார்.

"சார், நல்ல நேரத்துல வந்தீங்க. பேரு, டைம் எல்லாம் சரியா கீதா, கொஞ்சம் பாத்து சொல்லுங்க."

ஏழு வருஷத்துக்கு முன்னால் சுரண்டிய அடையாளம் என் பெயருக்குக் கீழே இன்னும் லேசாகத் தெரிந்தது. தலைவர் பேப்பரை மடக்கி வைத்துவிட்டு என் பதிலுக்குக் காத்திருந்தார். என் இரண்டு கையும் ஜில்லிட்டுப் போயிருந்தன.

"சரியா இருக்கு" என்றேன்.